செங்காய்ப் பதம்

2022-ல் தை முடிய பத்து நாள் இருக்கும்போது அம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நந்தி மலை அடிவாரத்துக்கு நான் ஒயின் செய்யும் வேலைக்கு வந்த பிறகு அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பிரஸ்ஸிலிருந்து வழிந்த முதல் சாற்றை எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். போதை எதுவும் இல்லை, வெறும் திராட்சைச் சாறுதான் என்று இரண்டு முறை சொன்ன பிறகே வாயில் வைத்தார். ஒரு மடக்குதான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது இன்னும் காய்தானே கண்ணு. அதுக்குள்ள எதுக்குப் பறிச்சீங்க?"

அம்மா ராமாபுரத்துக்காரர். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி, கர்கேகண்டி சோதனைச்சாவடி தாண்டி, கொள்ளேகால் போகிற வழியில் வரும் ஊர் அது. இப்போது சாமராஜநகர் மாவட்டம். நான் பிறந்தபோது மைசூர் மாவட்டம். வீட்டில் இன்றும் மைசூர் ஜில்லா என்றுதான் பேச்சு. தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர். அங்கே எங்கள் குடும்பம் பட்டுப்புழு வளர்த்தது. நாற்பது வருஷம் இலையைத் தொட்டுப் பார்த்தே வானத்தை அறிந்தவர், ஒரு மடக்குச் சாற்றில் என் தொழிலின் மையத்தைத் தொட்டுவிட்டார்.

காயும் இல்லை, பழமும் இல்லை. கொய்யாவிலும் மாங்காயிலும் செங்காய் என்கிறோமே, அந்தப் பதம். நுரைக்கிற ஒயினுக்கு, அதாவது ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு, திராட்சையை அந்தப் பதத்தில்தான் பறிக்க வேண்டும். சாதாரண வெள்ளை ஒயினுக்கு இனிப்பு 22, 23 பிரிக்ஸ் வரும்வரை விடுவோம். இதற்கு 18, 19 போதும். ஏனென்றால் இந்த ஒயின் இரண்டு முறை நொதிக்கிறது. முதலில் டேங்கில் நொதித்து, புளித்த, மெலிந்த ஒரு வெள்ளை ஒயின் ஆகிறது. பிறகு லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து மூடிவிடுகிறோம். உள்ளே மறுபடி நொதித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைகிறது. லாரி டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சாராயச் சத்தும் இன்னொரு ஒன்றேகால் சதவீதம் ஏறும். நன்றாகப் பழுத்த பழத்தில் தொடங்கினால் கடைசியில் கனத்துப்போய், நாக்கில் உட்கார்ந்துவிடும்.

ஆனால் இனிப்பு குறைவாக வேண்டும் என்பது பாதிக் காரணம்தான். புளிப்பு நிறைய வேண்டும் என்பதுதான் முழுக் காரணம். இனிப்பைப் பின்னால் சேர்க்கலாம், நுரையைப் பின்னால் உண்டாக்கலாம். டார்டாரிக் அமிலமும் சேர்க்கலாம். வெப்ப நாடுகளில் அது சாதாரண வழக்கம், நானும் செய்திருக்கிறேன். சேர்த்த புளிப்பு ஒயினோடு கலக்காமல் தனியே நிற்பது எனக்கு நாக்கில் தெரியும். கொடியிலிருந்தே வரும் புளிப்பு அப்படி நிற்காது. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல்லில் கூசுகிறதே, அந்த மாலிக் அமிலம் இரவு வெக்கையாக இருந்தால் பழத்துக்குள்ளேயே எரிந்து தீர்ந்துபோகும். அப்படிப் போனதை எந்த வித்தையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால்தான் ஒரு வருஷத்து நுரை ஒயினின் குணத்தை அந்த வருஷத்து இரவுகள் தீர்மானிக்கின்றன என்று நான் சொல்கிறேன்.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் பழம் முதிர முதிர வானம் குளிர்கிறது. ஆகஸ்ட் கழிந்து செப்டம்பர் வரும்போது இரவு குளிர்ந்து, புளிப்பைக் காத்துக் கொடுக்கும். நமக்கு எல்லாமே தலைகீழ். புரட்டாசியில் கவாத்து செய்கிறோம், கார்த்திகையில் பூ, மார்கழிப் பனியில் பிஞ்சு பருக்கிறது, தையில் மெருகு ஏறுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கோடையை நோக்கி நடக்கிறோம். மாசி வெயில் வந்துவிட்டால் ஒரு வாரத் தாமதம்கூடக் கட்டுப்படியாகாது. அங்கே அறுவடைக்குக் காத்திருக்கிறார்கள் என்றால், இங்கே நாங்கள் வெயிலோடு பந்தயம் ஓடுகிறோம். கடைசிப் பத்து நாள் தினமும் விடிகாலையில் வரிசை வரிசையாய் நடந்து, ஒவ்வொரு வரிசையிலும் நிழல் பக்கம் ஒன்று, வெயில் பக்கம் ஒன்று என்று காய் பறித்துக் கடிப்பேன். தோலை மென்று, விதையைக் கையில் துப்பிப் பார்ப்பேன். விதை முழுக்கப் பழுப்பானால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் பச்சை மிச்சம் இருக்கும்போதே ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிரிக்ஸ் மீட்டர் சட்டைப்பையில் இருக்கும். ஆனால் முதலில் பல், பிறகுதான் மீட்டர்.

அம்மா வந்த அந்த அறுவடைக்குப் பின்னால் ஒரு பெரிய மழை இருந்தது. 2021 நவம்பரைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காற்றழுத்தத் தாழ்வுகள் மலையேறி எங்கள் பக்கமும் வந்தன. பெங்களூரில் எலகங்கா அடுக்குமாடிகளுக்குள் தண்ணீர் புகுந்த வாரம் எங்கள் கொடி பூத்திருந்தது. திராட்சைப் பூவைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். கடுகு அளவு பச்சை மொட்டு, அதன் தலையில் ஒரு குல்லா. அந்தக் குல்லா கழன்று விழுந்தால்தான் மகரந்தம் வெளியே வரும். விடாத மழையில் அது நனைந்து ஒட்டிக்கொண்டு விழவே இல்லை. பூங்கொத்தைத் தொட்டால் பாதி உள்ளங்கையில் உதிர்ந்தது. இலையில் எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் திட்டு. திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். அடிச்சாம்பல் நோய். சேற்றில் டிராக்டர் இறங்காது. முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு போர்டோ கலவை அடித்தோம். அடித்த மருந்தை அன்று மாலையே மழை கழுவிவிடும், மறுநாள் மறுபடி அடிப்போம்.

மகசூல் பாதிக்கும் கீழே போனது. மிஞ்சிய கொத்துகள் பல் விழுந்த வாய்போல இடைவெளி விட்டுத் தொங்கின. நான் அந்த வருஷத்தைக் கைகழுவிவிட்டேன். ஆனால் அந்த இடைவெளிகளுக்குள் காற்று புகுந்தது, அழுகல் உள்ளே இறங்கவில்லை. மார்கழி மேகமூட்டமாகவே போனதால் இனிப்பு ஏறவே தயங்கியது, புளிப்பு இறங்கவும் இல்லை. அம்மா முகம் சுளித்தது அந்தச் சாற்றுக்குத்தான்.

அதை மெதுவாகப் பிழிந்தோம். ஷாம்பெய்னில் இதற்கு எழுதிவைத்த அளவே உண்டு: 4000 கிலோ பழத்திலிருந்து 2550 லிட்டர், அதற்குமேல் எடுக்கக் கூடாது; அதிலும் முதல் 2050 லிட்டரே உயர்ந்தது. அந்த வருஷம் நான் அதைவிடக் குறைவாக எடுத்தேன். தோலில் நோய் தொட்டிருக்கும் என்ற பயம். 2022 என்று லேபிளில் போடுவதா, இல்லை முந்தைய வருஷங்களோடு கலந்து வருஷம் போடாமல் விற்பதா என்று நிர்வாகத்தோடு பெரிய வாக்குவாதம். வின்டேஜ் என்று சொன்னால் அந்த ஒரே வருஷத்துப் பழம், கலப்பில்லாமல். ஷாம்பெய்ன் விதிப்படி அதை 3 வருஷம் வைத்திருந்தே விற்க வேண்டும். கலப்புக்கு 15 மாதம் போதும். நமக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஒரு பகுதியை மட்டும் தனியே மூடி, இருட்டில் படுக்கவைக்க அனுமதி வாங்கினேன்.

அடுத்ததற்கு அடுத்த அறுவடை இதற்கு நேர் எதிர். 2023-ல் பருவமழை பொய்த்து, கர்நாடகத்தின் பெரும்பாலான வட்டங்கள் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் பெங்களூரே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றது. எங்கள் போர்வெல் மணிக்கணக்கு வைத்துத்தான் தண்ணீர் தந்தது. நோய் கிடையாது, பூச்சி கிடையாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி பழம். குருமிளகைவிடச் சற்றுப் பெரிதான காயெல்லாம் சர்க்கரையாய் இறுகின. இரவில் போர்வை தேவைப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. இனிப்பு பதத்துக்கு வந்த அன்று பார்த்தால், புளிப்பு பதத்தைத் தாண்டிக் கீழே போயிருந்தது. அந்த ஒயின் ஒரு வருஷத்திலேயே எல்லோருக்கும் பிடித்தது. பழுத்த பேரிக்காய் வாசம், மெத்தென்ற நுரை. இப்போது திறந்தால் சோர்ந்திருக்கிறது.

2022-ஐ 3 வருஷம் கழித்துத் திறந்தோம். கழுத்தில் இறங்கிச் சேர்ந்த ஈஸ்ட் மண்டியை உறையவைத்து, மூடியைத் தட்டியதும் அது வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப மிகக் குறைவான இனிப்பு மட்டும் சேர்த்தேன். கிளாஸின் அடியிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் ஒரே கோடாக எழுந்துகொண்டே இருந்தன. முதலில் எலுமிச்சைத் தோல். பின்னால், வறுத்த அவலும் புதிதாய்ச் சுட்ட பன்னும் கலந்த வாசம். முகம் சுளிக்கவைத்த அந்தப் புளிப்புதான் அதையெல்லாம் இழுத்துப் பிடித்து நிறுத்தியிருந்தது. என் கையால் செய்ததில் இதுவே சிறந்தது.

ஷாம்பெய்னிலும் இந்த இரண்டு முகமும் உண்டு. 2003-ல் ஏப்ரல் உறைபனி மொட்டுகளைக் கருக்கியது, கோடை அனலாய்க் காய்ந்தது, ஆகஸ்ட்டிலேயே அறுவடை. பல நிறுவனங்கள் அந்த வருஷத்து வின்டேஜை வெளியிடவில்லை. 2008 குளிர்ந்து மெதுவாகப் போன வருஷம், புளிப்பு ஏராளம். டோம் பெரிஞோன் என்னும் ஷாம்பெய்னில் 2009-ஐ முதலில் விற்றுவிட்டு, 2008-ஐ அதற்குப் பின்னால் வெளியிட்டார்கள். இளையது முந்திக்கொள்ள, மூத்தது காத்திருந்தது. இந்தியாவில் இந்த ஒயின் தொழிலுக்கு வயது குறைவு. 1980-களில் நாராயண்காவில் இண்டேஜ், பிரெஞ்சு நிறுவனமான பைப்பர்-ஹைட்சீக்கின் துணையோடு தொடங்கியது. 1988-ல் எங்கள் நந்திப் பக்கம் குரோவர் வந்தது. 2013-ல் நாசிக்கில் ஷாந்தோன். ஒரு தலைமுறை மழையைக்கூட நாங்கள் இன்னும் முழுசாக எழுதிவைக்கவில்லை. அதனால் தினமும் இரவுக் குளிரை நோட்டில் குறித்துவைக்கிறேன். எனக்குப் பின்னால் வருகிறவருக்கு அது வேண்டும்.

அம்மாவிடம் அப்படிப்பட்ட நோட்டு எதுவும் இருந்ததில்லை. மழை நாளில் முசுக்கொட்டை இலையை அறுத்துவந்து திண்ணையில் விரித்து, ஈரம் போகும்வரை புழுவுக்குப் போட மாட்டார். ஈர இலை தின்ற புழு நோயில் விழும். அடைமழைக் காலத்து இலையே வேறு மாதிரி என்பார்: "பாக்க தளதளன்னு இருக்கும் கண்ணு, உள்ள தண்ணிதான்." புழு கூடு கட்டும் மூங்கில் தட்டியான சந்திரிகையிலிருந்து கழற்றிய கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தே, எந்த மழையில் வளர்ந்த புழு என்று சொல்லிவிடுவார்.

இந்த வருஷம் கவாத்து முடித்து முப்பத்தெட்டாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. ராமாபுரத்தில் முந்தின இரவிலிருந்து விடாமல் பெய்கிறதாம். "உன் கொடி பூத்திருச்சா?" என்று கேட்டார். இன்னும் நாலு நாள் ஆகும் என்றேன். போனை வைத்துவிட்டு, கொத்தைச் சுற்றியிருக்கும் இலையை இன்றைக்கே கிள்ளிவிடச் சொல்லி ஆட்களை அனுப்பினேன்.