கல்லும் கறுக்குமா?



நம்ம காரைக்காலில் தோண்டினால் என்ன வரும்? மணல் வரும், களிமண் வரும், இன்னும் ஆழம் போனால் பல இடங்களில் உப்புத் தண்ணீர் வரும். கல் மட்டும் வராது. அரசலாறும் காவிரியின் மற்றக் கிளைகளும் கொண்டு வந்து போட்ட வண்டல் மண்ணாச்சே இது! அதனால் நம் வீட்டு அம்மி, ஆட்டுக்கல், சமையல் மேடைக் கல் எல்லாமே வெளியூர்க்காரங்கதான். பலகை பலகையாக வரும் கடப்பாக்கல் ஆந்திராவில் கடப்பா பக்கத்துச் சரக்கு. கிரானைட்டும் லாரி ஏறித்தான் வருகிறது. வந்த இடத்தில் எண்ணெயும் புளியும் உப்பும் அதை என்ன பாடு படுத்துகின்றன என்பதுதான் என் கட்டுரை.

இதை எழுதக் காரணம் எங்கம்மா. போன வருஷம் வாடகை வீட்டைக் காலி செய்தோம். சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்தார். அடுப்புப் பக்கத்தில் வெளிர் சாம்பல் நிறக் கிரானைட்டில் ஒரு முழத்துக்குக் கறுப்பு. குளியலறையில் ஓரக்கல் எல்லாம் கறுப்பு. "சுத்தபத்தமா இருந்தா கல்லு ஏம்மா கறுக்குது?" என்று கேட்டுவிட்டு, அட்வான்சில் மூவாயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் அம்மாவுக்குச் சுட்டது. ராத்திரி எத்தனை மணியானாலும் மேடையைத் துடைத்துவிட்டுத்தான் அவங்க படுப்பாங்க.

எங்க அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். "கிரானைட் துண்டு ஒண்ணு கொண்டா, பார்த்துடுவோம்" என்றார். கல் பதிக்கும் மாமா ஒருத்தர் மிச்சத் துண்டு தந்தார். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தோம். இரண்டு இடத்திலும் கறுப்புப் பொட்டு! மத்தியான மணி அடிக்கும்போது தண்ணீர்ப் பொட்டைக் காணோம். எண்ணெய்ப் பொட்டு ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தது.

எவ்வளவு வழவழப்பான கிரானைட்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் கீறல்களும் உண்டு. காய்ந்த கல்லில் அவற்றுக்குள் காற்று இருக்கும். வெளிச்சம் பட்டால் காற்றும் கல்லும் சேரும் இடமெல்லாம் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் கல் வெளுப்பாகத் தெரிகிறது. ஒளிவிலகல் எண் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, எண்ணெய்க்குச் சுமார் 1.47, கிரானைட்டில் உள்ள குவார்ட்சுக்குச் சுமார் 1.54. துளைக்குள் இருப்பதன் எண் கல்லின் எண்ணுக்குக் கிட்ட வர வர, சிதறல் குறையும். வெளிச்சம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். நனைந்த சட்டையும் மழை பெய்த மண்ணும் கறுத்துத் தெரிவதும் இதே கதைதான். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் போகாது, நாளாக ஆகப் பிசின் மாதிரி இறுகிவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே இருப்பது எப்படி வரும்?

கோயிலில் விளக்கேற்றும் இடத்துக் கல் கன்னங்கரேல் என்று இருக்கிறது. வீட்டு அம்மியும் கறுக்கிறது. அவற்றைப் பார்த்து யாரும் சுத்தபத்தம் பேசுவதில்லை!

குளியலறைக் கறுப்பு வேறு மாதிரி. ஓரத்துச் சந்து வழியாக இறங்கிய தண்ணீர் கல்லுக்கு அடியில் உள்ள சிமெண்ட் கலவையில் தேங்கி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் கல்லுக்குள் ஏறுகிறது. உப்புத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். ஐப்பசி கார்த்திகையில் உப்பு ஜாடி கசியும் இல்லையா, அதுபோல உள்ளே தங்கிய உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில கல்லில் இரும்பு கலந்திருக்கும். அது துருப்பிடித்துப் பழுப்பாகும்.

கடப்பாக்கல் இதற்கு நேர் எதிர். அது சுண்ணாம்புக்கல் வகை, அதாவது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சையில் உள்ள அமிலம் அதை அரித்துவிடும். கறுப்புக் கல்லில் வெள்ளைத் திட்டு விழும். மீன் குழம்பு வைக்கிற ஊரில் இது தப்புமா? கறை போகணும் என்று சிலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். நுரை பொங்கினால் அழுக்குப் போகிறது என்று சந்தோஷம் வேறு! அது கல் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் நுரை. கிரானைட்டில் ஊற்றினாலும் உள்ளே உள்ள இரும்பு கரைந்து மஞ்சள் பூக்கும்.

எண்ணெய்க் கறைக்கு ஐயா சொன்ன வழி பற்றுப் போடுவது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைத்து, பிறகு திறந்து காயவிட வேண்டும். காயும்போது மாவு எண்ணெயை உறிஞ்சும். எங்கள் துண்டுக்கு மூன்று தடவை போட்டோம். பொட்டு முழுசாகப் போகவில்லை, பாதிக்கு மேல் வெளுத்தது.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் வீட்டுக்காரரிடம் போனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் திரும்பக் கொடுத்தார். சொன்ன வார்த்தையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்மா பணத்தை எண்ணாமலே டப்பாவில் போட்டாங்க.

இப்போது இருக்கும் வீட்டில் கடப்பாக்கல் மேடை. புளி கரைக்கும் கிண்ணத்துக்கு அடியில் அம்மா ஒரு தட்டு வைக்கிறாங்க.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு