ஒற்றைக் கம்பி

ஐப்பசி மழை சற்று விட்டிருக்கிறது. மாலை 5.30 இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் நான், ஒரு அப்பாயி, அவர் விரலைப் பிடித்தபடி ஆறேழு வயதுப் பேரன்.

எதிரே, நடவு முடிந்த வயலோரமாகக் கம்பங்கள் வரிசையாகப் போகின்றன. மூன்று கம்பிகள், 11,000 வோல்ட் பாதை. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடையிலான தொய்வில் தகைவிலான்கள். எண்பதுவரை எண்ணி விட்டுவிட்டேன். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வந்தவை. பக்கத்துப் பறவையின் அலகு எட்டாத அளவுக்கு இடம் விட்டு, காற்று வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. தள்ளி, தனியாக ஒரு கரிச்சான். வயலுக்குள் சரிந்து இறங்குகிறது. எதையோ கவ்விக்கொண்டு, புறப்பட்ட அதே இடத்தில் வந்து அமர்கிறது. பூச்சி தின்னட்டும் என்று இதற்காகவே வயலுக்குள் பறவைத் தாங்கிகள் நட்டு வைப்பார்கள். இதற்கோ கம்பியின் உயரம் பிடித்திருக்கிறது.

“அப்பாயி, அதுக்குக் கரண்டு அடிக்காதா?”

“சாமி அதுக்கு அப்படிக் காலு குடுத்திருக்குடா.”

பையன் கரிச்சானின் காலையே பார்க்கிறான். நானும் பார்க்கிறேன். அந்தக் காலின் செதில் 11,000 வோல்ட்டைத் தடுத்து நிறுத்தாது. அதன் உடம்பும் நம் உடம்பைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்காலில் தண்ணீர் ஓட மேடும் பள்ளமும் வேண்டும், மின்சாரத்துக்கும் அப்படித்தான். கரிச்சானின் இரண்டு கால்களும் ஒரே மேட்டில் நிற்கின்றன. இந்த அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கே ஏறக்குறைய ஒரு ஓம்தான் மின்தடை. 100 ஆம்பியர் ஓடினாலும், கால்களுக்கு நடுவே உள்ள 5 சென்டிமீட்டரில் ஏற்படும் வித்தியாசம் 5 மில்லிவோல்ட் அளவுதான். டார்ச் விளக்கின் ஒரு பேட்டரியில் இதைப்போல 300 மடங்கு இருக்கிறது. கம்பியின் மின்னழுத்தம் நொடிக்கு 50 சுற்று ஏறி இறங்கும்போது பறவையும் கூடவே ஏறி இறங்குகிறது. அதற்காக அதன் உடலுக்குள் வந்துபோகும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம்.

பள்ளம் இல்லாமல் இல்லை. கம்பத்தின் உச்சியில் இருக்கிறது. கம்பியைத் தாங்கும் பழுப்புப் பீங்கானுக்கு ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதற்குக் கீழே இரும்புச் சட்டம். அது தரையோடு இணைக்கப்பட்டது. கம்பிக்கும் அந்த இரும்புக்கும் நடுவே சுமார் 6,350 வோல்ட். நடுக்கம்பியில் உட்காரும் தகைவிலானுக்கு அந்த இரும்பு எட்டாத் தூரம். காகத்துக்கு அப்படியில்லை. போன மாதம் இதே நிறுத்தத்தில் நின்றபோது, இரும்பில் கால் ஊன்றிய காகம் ஒன்று கம்பிப் பக்கம் சிறகை விரித்திருக்க வேண்டும். வெடிச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கீழே விழுந்து கிடந்ததைச் சுற்றி வெகுநேரம் மற்றக் காகங்கள் கரைந்தன. அந்த ஓசை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மயிலின் நிலைமை இன்னும் மோசம். அத்தனை நீளத் தோகை; நனைந்துவிட்டால் அதுவும் கடத்தும். பழந்தின்னி வௌவால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறக்கை விரித்துக் கருகித் தொங்குவதைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் குறைவு. பீங்கானை ஒட்டிய கம்பிக்கு ஓர் உறை மாட்டினால் போதும், பல உயிர்கள் தப்பும். பெரிய செலவும் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

தூரத்தில், வயல்களுக்கு அப்பால், உயர் அழுத்தக் கோபுரங்கள் நிற்கின்றன. அந்தத் தடித்த கம்பிகளில் ஒரு பறவைகூட இல்லை. அங்கே கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் வலுவானது. உச்சியில் ஓடும் மெல்லிய கம்பியில் மட்டும் புள்ளிபுள்ளியாகச் சில தெரிகின்றன. இடியைத் தாங்குவதற்காகக் கோபுரத்தோடு கட்டிய கம்பி அது.

பேருந்தின் விளக்கு தெரிகிறது. அப்பாயி பையை எடுத்துக்கொள்கிறார். பையன் அண்ணாந்தபடியே நடக்கிறான். படியில் கால் இடறுகிறது. பிடித்துத் தூக்கிவிடுகிறேன். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். அவன் கேட்கவில்லை. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறான்.

தூறல் மறுபடி பிடிக்கிறது. தகைவிலான்கள் ஒரே வீச்சில் எழும்புகின்றன. பாரம் போன கம்பி சற்றுநேரம் மேலும் கீழும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் கரிச்சான் மட்டும் வாலை அசைத்துச் சமன் செய்தபடி உட்கார்ந்திருக்கிறது.