டெக்ஸ் வில்லரும் கதை சொல்லும் திறனும்

சித்திரக்கதை என்றதும் முகஞ் சுளிக்கும் பெற்றோர் பலர். அன்னார் இத்தாலி தந்த டெக்ஸ் வில்லர் கதைகளை, லயன் காமிக்ஸின் தமிழாக்கத்திலேனும், ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. 1948ஆம் ஆண்டில் பொனெல்லி எழுத, கலெப்பினி சித்திரந் தீட்டத் தோன்றிய அவ்வீரன் இத்தாலியில் இன்றும் திங்கள்தோறும் வருகிறான். ஒரே கதை இரண்டு இதழ்களில் இருநூறு பக்கங்களைக் கடந்து செல்வதுண்டு. அவ்விரிவு வீண்போவதில்லை. பாலைவெளியில் குதிரைகள் மெல்லச் செல்லும். முதிய தோழர் கிட் கார்சன் ஓயாது முணுமுணுப்பார். ஊர் சேர்ந்ததும் இருவரும் இறைச்சித் துண்டமும் மலைபோல் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார்கள். (நமக்கும் பசியெடுக்கும்!) அவர்தம் நட்பை ஆசிரியர் விளக்கியுரைப்பதில்லை, அந்த முணுமுணுப்பிலேயே அது புலனாகிவிடுகிறது.

குறையும் உண்டு. டெக்ஸ் தோற்கமாட்டான் என்று என் மகன் பத்தாம் பக்கத்திலேயே கூறிவிடுகிறான். பின்பு அச்சம் எங்ஙனம் பிறக்கும்? 2018இல் தொடங்கிய இளமைக்காலத் தொடரில் மௌரோ பொசெல்லி இதற்கு வழி கண்டுள்ளார். அங்கே டெக்ஸ் சட்டத்தால் தேடப்படும் இளைஞன். அவன் இறக்கமாட்டான் என்பது தெரிந்ததே. யாரை நம்பி ஏமாறுவான் என்பது தெரியாது. அதைப் படித்த இரவில் மகனின் சோறு ஆறிக் கிடந்தது.