கமக்காரர் யார்?

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியர் எனின் இலக்கியமோ சமயமோ பற்றி எழுதுவதே மரபு. அம்மரபை நாம் மறந்திலேம். ஆயினும், ஓர் ஆங்கிலச் சொல் எமக்குக் கற்பித்த பாடத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம். அப்பாடம் நிகழ்ந்தது நம் கல்லூரி வகுப்பறையில். அன்று தவறியவர் மாணவரல்லர், நாமே.

பத்தாந் தர மாணவர்க்கு ஆங்கிலப் பந்தியொன்றைத் தமிழாக்கும் பயிற்சி கொடுத்திருந்தோம். அது ஒட்சிசனுக்குப் பெயரிட்ட பிரெஞ்சு இரசாயன அறிஞர் இலவோசியேயைப் பற்றியது. அதில் அவரை 'டாக்ஸ் ஃபார்மர்' எனக் குறித்திருந்தது. பின்வாங்கில் இருந்த மாணவனொருவன், "இலவோசியே வரி பயிரிடும் கமக்காரர்" என எழுதியிருந்தான். அதனை நாம் உரக்க வாசித்தோம். வகுப்பு முழுவதும் நகைத்தது; நாமும் நகைத்தோம். மாணவன் எழுந்து நின்றான். "அகராதியில் அப்படித்தானே, சேர், கிடக்கிறது?" என்றான். அவனை இருக்கச் சொல்லி அடுத்த வாக்கியத்துக்குச் சென்றோம். விடை தெரியாமையே அவ்விரைவுக்குக் காரணம்.

அன்று மாலை கல்லூரி நூலகத்திற் பெரிய அகராதியை விரித்தோம். 'ஃபார்ம்' என்னுஞ் சொல் மண்ணிற் பிறந்ததன்று. உறுதி செய்தல், நிலைநிறுத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகத் தோன்றிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. முதலில் அதற்கிருந்த பொருள், மாறாது நிலைப்படுத்தப்பட்ட ஓர் இறுப்புத் தொகை. அஃதாவது நம் வழக்கிற் குத்தகை. பின்னர் அவ்வாறு குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தை அச்சொல் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டளவிலேயே, குத்தகையாயினும் சொந்தமாயினும், பயிர் செய்யும் நிலமெல்லாம் அப்பெயர் பெற்றது. பணத்தின் பெயர் நிலத்தின் பெயராயிற்று.

இதனை அறிந்ததும் இலவோசியேயின் தொழில் விளங்கிற்று. பிரான்சிலே சிலர் ஒரு கூட்டாகச் சேர்ந்து, அரசனுக்கு இவ்வளவு தருவோம் என ஒப்பந்தஞ் செய்து, உப்பு, புகையிலை முதலியவற்றின் மீதான வரியைக் குடிகளிடந் தண்டினர். மிகுந்தது அவர்தம் ஆதாயம். 1768 இல் இலவோசியே அக்கூட்டிற் பங்கு கொண்டார். குடிகளின் வெறுப்பு அக்கூட்டின்மேற் படிந்தது. புரட்சிக் காலத்தில், 1794 மே 8 இல், கூட்டாளிகளோடு அவர் தலையும் கொய்யப்பட்டது. நம் நாட்டிலும் ஆங்கிலேயர் ஆட்சியிற் சாராயம் விற்கும் உரிமை இவ்வாறே குத்தகைக்கு விடப்பட்டமை வரலாறு.

இச்சொல்லுக்குக் கொடிய பொருளொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே, தாயர் வளர்க்கவியலாத குழவிகளைப் பணம் பெற்று ஏற்கும் பெண்டிரையும் 'ஃபார்மர்' என்றே அழைத்தனர். ஒரே தொகையாகப் பணம் பெற்றவிடத்து, குழவி எத்துணை விரைவில் இறக்குமோ அத்துணை ஆதாயம். அத்தகைய கொலைத்தொழில் புரிந்த அமிலியா டயர் என்பாள் 1896 இல் தூக்கிலிடப்பட்டாள். வேலையைப் பிறரிடம் பிரித்துக் கொடுத்துச் செய்விப்பதும் அச்சொல்லே. இன்றோ மீன் வளர்க்கும் குளமும், கணினிகளை நிரைநிரையாக அடுக்கிய மண்டபமும், 2020 இல் மன்னாரில் இயங்கத் தொடங்கிய காற்றாலைத் தொகுதியும் அப்பெயருக்கு உரியன.

அகராதியை மூடியபோது எம் தந்தையார் நினைவு வந்தது. அவர் பிறர் காணியில் வெங்காயஞ் செய்தவர். வாரம் வேறு, குத்தகை வேறு என்பதை எமக்குச் சிறு வயதிலேயே அவர் விளக்கியிருந்தார். வாரமெனின் விளைந்ததிற் பங்கு. விளைவு குறையின் காணிக்காரர் பங்குங் குறையும். குத்தகையெனின் பேசிய பணம் பேசிய பணமே. ஓராண்டு மழை முந்திப் பெய்து வெங்காயம் நிலத்திலேயே அழுகிற்று. தந்தையார் வரம்பில் நின்று, "மழைக்குக் குத்தகை தெரியாது, குத்தகைக்கு மழையுந் தெரியாது" என்றார். தாயாரின் காப்புச் சோடி அடைவு வைக்கப்பட்டது. அது மீண்டு வந்ததை நாம் கண்டிலேம். ஆங்கிலச் சொல்லின் ஆதிப்பொருளை அகராதி காணாத அம்மனிதர் நன்கறிந்திருந்தார். அவர் பிள்ளையாகிய நாமோ, சான்றிதழும் பல்லாண்டு அனுபவமும் பெற்றிருந்தும், அறியாதிருந்தோம்.

மறுநாள் வகுப்பில் இவையனைத்தையும் சொன்னோம். மாணவன் எழுதிய 'வரி பயிரிடும் கமக்காரர்' என்பதை 'வரிக் குத்தகையாளர்' எனத் திருத்தினோம். எனினும், அவன் ஐயம் நியாயமானதென்றும், அதற்கு விடையளியாது நகைத்தது எம் பிழையென்றும் வகுப்பின் முன்னே கூறினோம். அவன் தலை குனிந்தபடியே இருந்தான். வகுப்பு முடிந்தபின் மேசையருகே வந்து, "எங்கள் ஐயாவும் குத்தகைக் காணிதான், சேர்" என்று மட்டுஞ் சொல்லிச் சென்றான். முதல் நாள் அவன் ஏன் எழுந்து நின்றான் என்பது அப்போதுதான் எமக்குப் புரிந்தது. எம் தந்தையாருங் குத்தகைக் காணிக்காரரே என்பதை அவனுக்குச் சொல்ல நா எழவில்லை. இம்மலர் அவன் கைக்குங் கிட்டுமாதலின் அதனை இங்கே சொல்லிவிடுகின்றோம்.

ஆங்கிலத்தில் குத்தகைச் சொல் நிலத்துக்கு வந்தது. தமிழிலோ நிலத்துக் குத்தகை பேச்சுக்கு வந்துள்ளது. எல்லாம் அறிந்தவர்போல் நடப்பவரை, அறிவைக் குத்தகைக்கு எடுத்தவர் என்கின்றோம். அன்று வகுப்பில் நகைத்தபோது நாம் அத்தகையவராகவே நின்றோம். கல்லூரி அன்னை எவர்க்குங் கல்வியைக் குத்தகைக்கு விட்டவளல்லள். கற்பிக்க வந்தோரும் அவள்பாற் கற்கவே வந்தோர். அவள் பல்லாண்டு வாழ்க.