சாம்பல் நிறச் சலாகை

பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் பற்றி ஒரு கிராமத்தில் கணக்கெடுப்புச் செய்தோம். தகவல் தந்தவர்களுக்கே முடிவை முதலில் சொல்ல வேண்டும் என்பது எமது வழக்கம். சனசமூக நிலையத்தின் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, கணினியில் வரைந்த சலாகை வரைபைக் காட்டினேன். மணமானவர், கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், மணமாகாதவர் என நான்கு நிறங்களில் நான்கு சலாகைகள். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஐந்தாவதாக ஒன்று.

"பிள்ளை, அந்தச் சாம்பல் ஆர்?" என்று முன்வரிசையில் இருந்த அம்மா கேட்டார்.

"அது பதில் சொல்லாத ஆக்கள், அம்மா."

"நான் பதில் சொன்னனான். அவரைக் காணேல்லை எண்டு சொன்னனான். எழுத வந்த பிள்ளைதான் பேனையை வைச்சுக்கொண்டு இருந்தது."

எனக்கு வாய் எழவில்லை. படிவத்தில் நான்கு பெட்டிகள் மட்டுமே இருந்தன. 2009இல் கணவரைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர் 'கணவரை இழந்தவர்' என்ற பெட்டியில் அடையாளமிட எப்படிச் சம்மதிப்பார்? எழுதப் போனவர்கள் எதையும் குறிக்காமல் வெற்றிடமாக விட்டுவிட்டார்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆள் இல்லாதிருப்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி வந்தது. சட்டத்தில் தனி இடம் வந்த பின்பும், சமூகவியல் படித்த நான் தயாரித்த படிவத்தில் இடம் இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் பழகியது எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருள். அதை விலைகொடுத்து வாங்க எமது அலுவலகத்துக்கு வசதியில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' என்ற மென்பொருளைப் பாவிக்கிறோம். (எங்கட பேச்சில் 'ஆர்' என்பது ஒரு கேள்வி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.) நிறத்தை நாம் சொல்லாவிட்டால் அது தானாக ஒன்றைத் தெரிவுசெய்யும். வெற்றிடமாக விட்ட பதில்களை ஒன்றுசேர்த்து, கடைசியில் நிறுத்தி, சாம்பல் பூசிவிடும். இப்படி விடுபட்ட தரவை ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்' என்பார்கள். காணாமல் போன ஆளுக்கும் அதே சொல்தான். நான் நான்கு நிறங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஐந்தாவதைப் பற்றி நினைக்கவே இல்லை.

நிறத்தை மட்டும் மாற்றியிருந்தால் அது ஒரு நிமிட வேலை. ஆனால் படிவங்களை மீண்டும் எடுத்தோம். பலவற்றின் ஓரத்தில் 'காணவில்லை' என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. சிலரிடம் திரும்பவும் போய்க் கேட்டோம். 'கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று ஐந்தாவது வகையொன்றைச் சேர்த்தோம். உண்மையில் பதில் இல்லாதவை மிகச் சிலவே எஞ்சின.

பிறகு, என்ன நிறம் வைப்பது என்று அவர்களிடமே கேட்டேன். வெள்ளை வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே குரல். பச்சையும் நீலமும் கட்சி நிறங்கள், சிவப்பை ஆர் எப்படி எடுப்பினமோ தெரியாது என்றார்கள். கடைசியில் இளம்பெண் ஒருத்தி தாலிக்கயிற்றை விரலால் தொட்டுக் காட்டி, "மஞ்சள் வையுங்கோ அக்கா" என்றாள்.

மஞ்சள் வைப்பதற்கும் நான் கொஞ்சம் தடுமாறினேன். அந்த மென்பொருளில் 'கலர்' என்ற கட்டளைக்குக் கொடுத்தால் சலாகையின் விளிம்பு மட்டும் மஞ்சளாகும். உள்ளே நிரப்புவதற்கு 'ஃபில்' என்று சொல்ல வேண்டும். 'ஆர்' பெயர் சொல்லி அறிந்திருக்கும் நிறங்கள் 657. அவற்றில் 200க்கும் மேற்பட்டவை, எழுத்துக்கூட்டல் மாறி இருமுறை வருவனவற்றையும் சேர்த்து, சாம்பலின் சாயல்கள்தான்!

ஊருக்குக் கொடுக்கப் பிரதிகள் எடுத்தோம். அலுவலக இயந்திரத்தில் கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டும்தான் எடுக்கலாம். மஞ்சள் அதில் வெள்ளையாக விழுந்துவிட்டது. அம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கடைசியில வெள்ளைதானே பிள்ளை தந்திருக்கிறாய்."

அன்று மாலையே மாற்றினேன். மஞ்சளைக் கொஞ்சம் கடுமையாக்கி, கறுப்பு விளிம்பு போட்டு, எந்த வகை என்பதை ஒவ்வொரு சலாகையின் கீழும் எழுதினேன். இப்போது நிறம் தெரியாவிட்டாலும் ஆர் எது என்பது தெரியும்.

அயற்கிராமத்து வரைபில் இன்னொரு பிழை. அங்கே மணமாகாதவர் ஒருவரும் இருக்கவில்லை. நிறங்களை நான் வரிசைப்படிதான் கொடுத்திருந்தேன். நான்காவது வகை இல்லாமல் போனதும், அதன் நிறம் அடுத்திருந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியருக்குப் போய், மஞ்சள் பாவிக்கப்படாமலே நின்றது. இப்போது ஒவ்வொரு வகையின் பெயரையும் எழுதி, அதற்கு நேரே அதன் நிறத்தை எழுதிவைக்கிறேன். எவர் இல்லாவிட்டாலும் மற்றவரின் நிறம் நகராது.

அறிக்கையைப் பார்த்த அதிகாரி ஒருவர், "இந்த மஞ்சளைக் கணவரை இழந்தவர்களோட சேர்த்தா படம் சுத்தமா இருக்கும் தங்கச்சி" என்றார். சேர்க்கவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார். அந்த அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றிப் பக்கத்தைப் புரட்டினார்.

அம்மாவுக்குத் திருத்திய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முறைப்பாட்டுத் துண்டுகளும் கடிதங்களும் வைத்திருக்கும் கோப்புறையைத் திறந்து, அதையும் அவற்றோடு வைத்துக்கொண்டார்.