கொலோன் நகரில் அம்மாவோடு ஒரு நாள்

 

ஏப்ரல்ல ரெண்டு வாரம் எங்க ரெண்டு பேரையும் கோயில் பக்கம் காணோமேன்னு நிறைய பேர் கேட்டீங்க. மகள் ஜெர்மனியில ஆகன் நகரத்துல படிக்கிறாள், பார்க்கப் போயிருந்தோம். அம்மாவையும் கூட்டிட்டுப் போனோம். 78 வயசு, ரெண்டு முட்டியும் வலி. இருந்தும் கிளம்பிட்டாங்க.

ஒரு நாள் ரயில் ஏறி கொலோன் போனோம். ஒரு மணி நேரப் பயணம்தான். வழியில மகள் சொன்னாள், "பாட்டி, நம்ம யூடிகோலன் இந்த ஊர்லேருந்துதான் வந்துச்சு. அந்தப் பேருக்கே கொலோன் தண்ணின்னுதான் அர்த்தம்." அம்மா சும்மா ஜன்னல் பக்கம் பார்த்துட்டு வந்தாங்க. குளிர்ல வாய் திறக்கலேன்னு நாங்க நினைச்சோம்.

ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா, நேர் எதிர்லயே அந்தப் பெரிய தேவாலயம். ரெண்டு கோபுரம், உயரம் 157 மீட்டர். கல்லெல்லாம் கறுத்துப் போயிருக்கு. 1248-ல ஆரம்பிச்ச வேலையாம், நடுவுல முந்நூறு வருஷம் போல நின்னுபோய், 1880-லதான் முடிச்சிருக்காங்க. பாதி கட்டின கோபுரத்து மேல ஒரு பழைய மரக் கிரேன் அத்தனை வருஷமும் அப்படியே நின்னுச்சாம். பேக்டரியில ஒரு லைன் மூணு நாள் நின்னாலே எங்களுக்குத் தூக்கம் வராது. திருப்பணி லேட்டாகுதுன்னு நம்ம கமிட்டியைத் திட்டுறவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க! இரண்டாம் உலகப் போர்ல 14 குண்டு விழுந்தும் கட்டடம் சாயல. கோபுரம் ஏற 533 படி. நாங்க ஏறல.

வாசல்ல அம்மா சப்பாத்தைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "இங்க அப்படி இல்ல அம்மா, எல்லாரும் போட்டுக்கிட்டுதான் போறாங்க பாருங்க"ன்னு சொன்னோம். "அவங்க போகட்டும், சாமி இருக்கிற இடத்துல நான் எப்படிப் போறது?" சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில போட்டுக் கையில வச்சுக்கிட்டாங்க. உள்ள சிவப்பு அங்கி போட்ட காவலர் ஒருத்தர் அம்மா காலைப் பார்த்துட்டு ஏதோ சொன்னார். எங்களுக்கு மானம் போன மாதிரி இருந்துச்சு. மகள்தான் சொன்னாள், "தரை ரொம்ப குளிரும், பார்த்துன்னு சொல்றாரு." அவ்வளவுதான். நாங்கதான் வெட்கப்பட்டோம்.

மெழுகுவர்த்தி ஏத்துற இடத்துல அம்மா நின்னாங்க. புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில்ல ஏத்திப் பழக்கம். ஒன்னு ஏத்தினாங்க. யாருக்குன்னு கேட்கல, அப்பாவுக்குன்னு தெரியும். பக்கத்து பெஞ்சில உட்கார்ந்துட்டுச் சொன்னாங்க:

"அன்னிக்கு ராத்திரி ஒங்கப்பா ரெண்டு தடவை கேட்டாரு, பிள்ளைங்க எங்கன்னு. நெத்தியில யூடிகோலன் நனைச்சுப் போட்டுட்டு, வந்துருவாங்கன்னு சொன்னேன். போன் கையிலதான் இருந்துச்சு. சாமி காரியத்துல இருக்கீங்களேன்னு அடிக்கல."

அது 2019 தைப்பூசம். தண்ணீர்மலைப் பாதையில நம்ம தண்ணீர்ப் பந்தல்ல ரெண்டு பேரும் இருந்தோம். விடியக்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாருன்னுதான் இத்தனை வருஷமா அம்மா சொன்னது. நீங்களும் வந்து, சேவையில இருக்கும்போது போன உயிர், புண்ணியம்னு ஆறுதல் சொன்னீங்க. நாங்களும் அதைப் பிடிச்சுக்கிட்டே இருந்துட்டோம்.

கோபம் வரலேன்னு சொன்னா பொய். ஒரு போன், பாலம் தாண்டி முக்கால் மணி நேரத்துல வந்திருப்போம். ஆனா அந்தக் குளிர்த் தரையில காலுறையோட உட்கார்ந்திருக்கிற மனுஷிகிட்ட என்னத்தைக் கேட்கிறது? அஞ்சு வருஷம் தனியா வச்சிருந்திருக்காங்க. சப்பாத்தை மாட்டிவிட்டு, கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தோம்.

அப்புறம் ரைன் நதிப் பாலத்துல பூட்டு பூட்டா தொங்குறதைப் பார்த்தோம். கிளோக்கன்காசேங்கிற தெருவுல 4711 யூடிகோலன் கடைக்குப் போனோம். நம்ம வீட்ல இருந்த அதே நீலமும் தங்கமுமான லேபிள். சின்ன பாட்டில் ஒன்னு வாங்கினோம். அம்மா வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. திரும்பி வர்ற ரயில்ல பார்த்தா பாட்டில் அவங்க கைப்பையில இருந்துச்சு.

இதையெல்லாம் எதுக்கு இங்க எழுதுறோம்னா, வர்ற தைப்பூசத்துக்கு எங்கள்ல ஒருத்தர் மட்டும்தான் பந்தல்ல இருப்போம், இன்னொருத்தர் அம்மாகூட வீட்ல. கமிட்டிகிட்ட சொல்லிட்டோம். ராத்திரி பத்துலேருந்து விடியக்காலை நாலு வரைக்கும் மோர் ஊத்த ஓர் ஆள் குறையுது. முடிஞ்சவங்க பேர் கொடுங்க. வீட்ல வயசானவங்க இருந்தா, யாராவது கூட இருக்காங்களான்னு பார்த்துட்டு வாங்க. போனை பாக்கெட்ல போடாம மேசையில வைங்க, மேளச் சத்தத்துல கேட்காது.