நம்மூர்ப் பெயரில் ஓர் இணைய முகவரி

நிந்தவூரில் பள்ளிவாசலோ விளையாட்டுக் கழகமோ வலைத்தளம் தொடங்கும்போது .இலங்கை என்று முடியும் தமிழ் முகவரியையும் பதிய வேண்டும். இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 2010இலேயே .இலங்கையை அனுமதித்து, எல்கே டொமைன் பதிவகத்திடம் ஒப்படைத்தது. ஆங்கிலத்தில் நம்மூர்ப் பெயரை ஒருவர் 'டீ' போட்டும் இன்னொருவர் 'ரீஎச்' போட்டும் எழுதுகிறார்; ஒன்றைப் பதிந்தால் மற்றதை வேறு யாரும் எடுத்துவிடலாம். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை.

இணைப்பைப் பிரதியெடுத்து ஒட்டினால் சில வேளை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துகள் வருகின்றனவே, மின்னஞ்சலும் எல்லா இடத்திலும் வேலை செய்யாதே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் .எல்கே என்று முடியும் ஆங்கில முகவரியைக் கைவிடச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தளத்துக்கு வரட்டும். இதைவிட முக்கியம், பதிவு அமைப்பின் பெயரில் இருப்பது. தளம் செய்து தந்த தம்பியின் பெயரில் இருந்தால், அவர் கட்டாருக்குப் போய்ப் புதுப்பிப்புத் தவறும்போது முகவரியே கைவிட்டுப் போகும்.